ஷாட்டோகே போர்க்களமும் ஒரு பித்தளைச் செம்பும்

1996, அக்டோபர் மாதத்து முதல் சனிக்கிழமை. காலை ஒன்பது மணிக்கு, கனடாவில் மாண்ட்ரியலின் புறநகரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில், என் தம்பி வீட்டு வாசலில் ஒரு பழைய நீலக் கார் வந்து நின்றது. புதன்கிழமை நான் நியூயார்க்குக்குப் பஸ் ஏறவேண்டும். அங்கிருந்து ஒரு வாரம் கழித்து ஊருக்கு விமானம். மிச்சமிருக்கும் நாட்களில் எதைப் பார்க்க ஆசை என்று தம்பி கேட்டபோது, அமெரிக்கப் படை மாண்ட்ரியலைப் பிடிக்க வந்து தோற்றுத் திரும்பிய இடம் பக்கத்தில் இருக்கிறதாமே, அதைக் காட்டு என்றேன். மதுரையில் பெண்கள் பள்ளியில் முப்பத்திரண்டு வருடம் சரித்திரம் நடத்தியவள் வேறு எதைக் கேட்பாள்? அவன் தலையில் அடித்துக்கொண்டு, கோயிலில் பழக்கமான சிவநேசனை என்னோடு அனுப்பிவைத்தான்.

சிவநேசனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். யாழ்ப்பாணத்துக்காரர். மாண்ட்ரியலுக்குள் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் குடியிருந்துகொண்டு ஒரு மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்க்கிறார். பின்சீட்டில் செய்தித்தாள் சுற்றிய பொட்டலம் ஒன்று இருந்தது. அது என்ன என்று கேட்டேன்.

“செம்பு ரீச்சர். தங்கச்சிக்கு அடுத்த ஞாயிறு கலியாணம், நியூஜெர்சியில. எங்கட முறையில பொம்பிளையின்ர சகோதரன்தான் தோழன். அவன்தான் மாப்பிள்ளைக்குக் கால் கழுவி உள்ள கூட்டிக்கொண்டு வரவேணும்.”

“அப்ப நீங்க எப்பக் கிளம்புறீங்க?”

“நான் போகேலாது. அகதி எண்டு ஏற்றுக்கொண்டிட்டினம், நிரந்தர பேப்பர் இன்னும் வரேல்லை. அங்கால போனா இஞ்ச திரும்பி வரேலாது. பொம்பிளைக்கு ஒரே அண்ணன் நான். என்ன செய்யிறது, கடையில கண்டன், வாங்கிட்டன்.”

போக முடியாதவர் எதற்குச் செம்பு வாங்கினார் என்று யோசித்தபடியே சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டேன்.

பத்து மணிக்கு மெர்சியே பாலத்தின் மேல் செயின்ட் லாரன்ஸ் நதியைக் கடந்தோம். அக்கரையில் இறங்கியதுமே கானவாகே. மோஹாக் மக்களின் ஊர். பெட்ரோல் அங்கே சில சென்ட் மலிவு என்று சிவநேசன் வண்டியை நிறுத்தினார். பக்கத்தில் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்த ஓர் உயரமான மனிதர் என் புடவையைப் பார்த்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தார். நியூயார்க்கில் உயரக் கட்டடங்களுக்கு இரும்புச் சட்டம் பூட்டும் வேலையாம். ஞாயிறு இரவு போய் வெள்ளிக்கிழமை திரும்புவாராம்.

“எல்லையில தொந்தரவு இல்லையா?” என்று சிவநேசன் ஆங்கிலத்தில் கேட்டார்.

அவர் சிரித்தார். அமெரிக்கக் குடியரசு பிறந்த புதிதில் இங்கிலாந்தோடு செய்துகொண்ட 1794ஆம் வருடத்து ஒப்பந்தத்தில், பூர்வகுடிகள் தடையில்லாமல் போய்வரலாம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. அந்தப் பக்கத்துக்காரர்கள் இன்னும் அதை மதிக்கிறார்கள் என்றார். “கோடு போட்டபோது நாங்கள் இங்கேதான் இருந்தோம்.”

நான் சும்மா இருந்திருக்கலாம். அமெரிக்க சரித்திரம் நடத்தியவள் நான் என்று பெருமையடித்துக்கொண்டேன். எங்களைப் பற்றி என்ன சொல்லிக்கொடுத்தீர்கள் என்று கேட்டார் அவர்.

ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. ‘மேற்கு நோக்கிய விரிவாக்கம்’ என்று தலைப்பு எழுதி, கரும்பலகையில் கிழக்கேயிருந்து மேற்கே சிவப்புச் சாக்பீஸால் அம்புக்குறிகள் போடுவேன். அப்பலாச்சியன் மலை, ஒஹாயோ, மிஸிஸிப்பி. அம்புகள் வெறும் பலகையின் மேல் ஓடும். வழியில் யார் குடியிருந்தார்கள் என்று ஒரு மாணவியும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அந்தப் பெட்ரோல் நிலையத்தில் நிற்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்தபடியாக ஒரு முட்டாள்தனம். போருக்கு ஷாட்டோகே என்று பெயர் இருக்கிறதே என்று ஷாட்டோகே நகரத்துக்குள் புகுந்து முக்கால் மணி நேரம் போர்க்களம் தேடினோம். சூப்பர் மார்க்கெட்டும் பல் ஆஸ்பத்திரியும்தான் கண்ணில் பட்டன. கடைசியில் ஒரு டிப்பனரில், அதாவது இங்கத்திய பெட்டிக்கடையில், சிவநேசன் பிரெஞ்சில் விசாரித்தார். பெயர் ஆற்றுடையதாம், போர் நடந்தது அதே ஆற்றின் கரையோரமாக இன்னும் முப்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளியாம். “ரீச்சரை நம்பி வந்தன்” என்றார் சிவநேசன், முகத்தில் சிரிப்பைக் காட்டாமல்.

பன்னிரண்டரைக்குப் போய்ச் சேர்ந்தோம். சோளக்காடுகளுக்கு நடுவே ஒரு கல்தூண், சிறிய அருங்காட்சியகம், வைகையில் பாதிகூட இல்லாத ஆறு. கரையில் மேப்பிள் மரங்கள் சிவந்து நின்றன. வழிகாட்டியான பிரெஞ்சுப் பெண் ஆங்கிலத்தில் நிதானமாக விளக்கினாள். 1813 அக்டோபரில் அமெரிக்கப் படை தெற்கேயிருந்து இந்த ஆற்றை ஒட்டி வந்தது. எதிர்த்து நின்றவர்கள் அவர்களில் பாதிகூடத் தேறமாட்டார்கள். பெரும்பாலும் பிரெஞ்சு பேசும் ஆட்கள், கூடவே பூர்வகுடி வீரர்கள் கொஞ்சம் பேர். மரங்களை வெட்டிப் பாதையை அடைத்தார்கள். காட்டுக்குள் பல இடங்களிலிருந்து ஊதுகொம்பை ஊதி, பெரும்படை இருப்பதாக ஏமாற்றினார்கள். வந்தவர்கள் திரும்பிப் போனார்கள்.

அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் 1812இல் மூண்ட இந்தப் போர் எங்கள் பாடப்புத்தகத்தில் கடலில் கப்பல்களை மறித்த தகராறாக ஒரே பத்தியில் முடிந்துவிடும். மேற்கே நிலத்துக்கு ஆசைப்பட்டவர்களுக்குப் பூர்வகுடிகளின் கூட்டணி குறுக்கே நின்றது என்பதும், அதற்குத் துணை நின்ற ஆங்கிலேயரைக் கனடாவிலிருந்து விரட்டினால் வழி திறக்கும் என்று அவர்கள் கணக்குப் போட்டதும் அந்தப் பத்தியில் இல்லை. போர் முடிந்ததும் இரண்டு அரசுகளும் பழைய கோட்டுக்கே திரும்பிக் கைகுலுக்கிக்கொண்டன. கூட நின்று சண்டை போட்ட பூர்வகுடிகளுக்குத் தங்கள் நிலம் மிஞ்சவில்லை. அம்புக்குறிகள் மேற்கே ஓடின.

ஆற்றங்கரையில் உட்கார்ந்து என் தம்பி மனைவி கட்டிக்கொடுத்த எலுமிச்சம்பழச் சாதத்தைச் சாப்பிட்டோம். சிவநேசன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்த ஆறு அங்கால இருந்துதான் வருது, என்ன ரீச்சர்?”

“ஆமா, நியூயார்க் மாநிலத்து மலையில இருந்து.”

“பக்கத்திலதானே. ஒருக்கா பாத்திட்டு வருவம்.”

தெற்கே அரை மணி நேர ஓட்டம். தார்ச்சாலை மண்சாலையாகி ஓரிடத்தில் முடிந்துபோனது. இடுப்பளவு உயர எல்லைக்கல் ஒன்று, ஒரு வாய்க்கால், அந்தப் பக்கமும் சோளக்காடு. காவலுக்கு ஒருவரும் இல்லை. சிவநேசன் பின்கதவைத் திறந்து பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கல்லருகே போய் நின்றார். நான்கு எட்டு வைத்தால் தங்கை கல்யாணம். ஆனால் மூன்று வருடம் காத்திருந்த பேப்பர் அந்த வாய்க்காலோடு போய்விடும்.

“ஒரு பாய்ச்சல்தான் ரீச்சர்” என்றார், திரும்பாமலே.

போகாதே என்று சொல்ல நான் யார்? போ என்று சொல்லவும் துணிவில்லை. “தம்பி” என்று மட்டும் கூப்பிட்டேன்.

பிரிந்திருந்த செய்தித்தாளின் ஓரத்தை மறுபடி இறுக்கிச் சுற்றினார். பிறகு திரும்பி வந்து பொட்டலத்தைக் காரில் உட்கார்ந்திருந்த என் மடியில் வைத்தார். “நீங்கள் புதன்கிழமை போறியள்தானே. நேரம் இருந்தா ஒருக்கா கலியாண வீட்டை போவியளோ? பெரியம்மாவின்ர பேரன் தோழனா நிப்பான். இந்தச் செம்பால கழுவட்டும்.”

போகிறேன் என்றேன். ஐந்தரை மணிக்கு வீட்டு வாசலில் இறங்கினேன்.

புதன்கிழமை பஸ் காலையில் புறப்பட்டு ஒரு மணி நேரத்தில் எல்லைச் சாவடிக்கு வந்தது. எல்லோரையும் இறக்கி வரிசையில் நிறுத்தினார்கள். என் பையைத் திறந்த அதிகாரி நரைத்த மீசைக்காரர், சாதுவான முகம். செய்தித்தாளைப் பிரித்துச் செம்பை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கல்யாணத்தில் மாப்பிள்ளையின் கால் கழுவ என்றேன். யார் கழுவுவார்கள் என்று கேட்டார். பெண்ணின் அண்ணன், மாண்ட்ரியலில் இருக்கிறார், அவர் வாங்கிக் கொடுத்தது என்றேன்.

“அப்படியானால் அவர் ஏன் வரவில்லை?”

முப்பத்திரண்டு வருடம் வகுப்பில் எந்தக் கேள்விக்கும் நான் பதில் சொல்லாமல் விட்டதில்லை. அவருக்கு லீவு கிடைக்கவில்லை என்றேன்.

சொந்தத் தங்கை கல்யாணமாயிற்றே, பாவம் என்று அவர் உண்மையாகவே வருத்தப்பட்டு, என் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்திக் கொடுத்தார்.