நாலுநாள் மேடத்தின் கைராசி

அவளுக்குச் சிறைத்தண்டனை கொடுத்தது எந்த நீதிபதியும் இல்லை. ஊசிமுனையில் ஒரு ஊரே குடியேறலாம், அவ்வளவு சின்ன ஒரு ஜீவன். அதை அவளே தேடிப் பிடித்து, தீனி போட்டு வளர்த்து, தன் காலில் தானே சங்கிலியாகக் கட்டிக்கொண்டாள்.

கதை ஒரு கழிவறைச் சுவரில் தொடங்குகிறது. முகம் சுளிக்க வேண்டாம், பெரிய பெரிய யோசனைகள் பலருக்கு அங்கேதான் வருகின்றன. அப்போது அவள் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் நுண்ணுயிர்ப் பிரிவில் சேர்ந்த புதிது. மூட்டை மூட்டையாக ரசாயன உரம் தின்று களைத்துப்போன மண்ணுக்கு, காற்றிலிருக்கும் நைட்ரஜனை இழுத்துப் பயிருக்கு ஊட்டும் பாக்டீரியா ஒன்றைத் தேடுவதுதான் அந்தப் பிரிவின் வேலை. சீனியர்கள் ஜீப்பில் காடுமேடெல்லாம் சுற்றி மண் அள்ளிக்கொண்டிருந்தார்கள். புதுசாக வந்தவளுக்கு ஜீப்பில் இடமில்லை. ஆய்வகத்துக்குப் பின்னால், பெண்கள் கழிவறைச் சுவரின் விரிசலில் ஒரு களைச்செடி முளைத்திருந்தது. பிடி மண் கிடையாது. உரம் கிடையாது. ஆனால் மாமியார் இல்லாத வீட்டு மருமகள் மாதிரி தளதளவென்று நின்றது.

"யார் வீட்டுச் சாப்பாட்டைத் தின்னுட்டு இப்படி இருக்கே நீ?" என்று கேட்டு, வேரோடு பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அந்த வேரிலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியாவை அவரை விதையில் பூசி நட்டார்கள். அந்த வருஷம் தோட்டக்காரர் காலையில் தன் சட்டையைக் கழற்றி அவரைக்கொடியில் மாட்டினாராம். சாயங்காலம் ஏணி வைத்தும் எட்டவில்லையாம். சட்டை இன்னும் மேலேதான் இருக்கிறது என்பார்கள். அதைப் பாதி நம்பினால் போதும். யூரியா செலவு பாதியாகக் குறைந்தது என்பதை மட்டும் முழுசாக நம்பலாம். நிலையம் அந்த பாக்டீரியாவைப் பெருக்கி, ஈரமான கரிப்பொடியில் தீனியோடு கலந்து, 'தூய வித்து' என்று அச்சடித்த பாக்கெட்டில் விற்க ஆரம்பித்தது. தாழ்வாரத்தில் அவள் படம் ஏறியது. படத்துக்குக் கீழே பித்தளைப் பலகை: 'தூய வித்தைத் தந்தவர்'.

அவள் அதற்கு மகாராணி என்று பெயர் வைத்தாள். பெயருக்கேற்ற குணமும் அதற்கு வந்துவிட்டது.

ஊர் உலகத்து பாக்டீரியாக்களையெல்லாம் உறையவைத்தால் பேசாமல் வருஷக்கணக்கில் தூங்கும். மகாராணியை உறையவைத்தால் செத்துப்போகும். காயவைத்தாலும் செத்துப்போகும். நாலு நாளைக்கு ஒருமுறை பழைய தட்டிலிருந்து தொட்டெடுத்து, புதுத் தட்டில், புதுத் தீனியின் மேல் விட வேண்டும். தவறினால் பட்டினி, உடனே மரணம். போதாக்குறைக்கு அவள் கைபட்டால்தான் பிழைக்கும். வேறு யார் மாற்றினாலும் இரண்டு மாற்றலுக்குள் தட்டு வெறிச்சோடிவிடும்.

பட்டம் மேல் பட்டம் வாங்கிய அத்தனை பேரும் கூடி, ஆராய்ந்து, கடைசியில் கண்டுபிடித்த காரணம் ஒரே வார்த்தை: கைராசி.

"விஞ்ஞானத்துல கைராசின்னு ஒண்ணு கிடையாதுங்க. ஆனா மேடம் கைராசி யாருக்கும் வராது" என்று இயக்குநரே மேடையில் பேசினார். ஆட்களும் கை தட்டினார்கள். அவளுக்கு நாலுநாள் மேடம் என்று பெயர் நிலைத்தது.

மாற்றும் வேலை நடக்கும் இடம் ஒரு கண்ணாடி அறை. இருந்த ஒரு சன்னலையும் டேப் ஒட்டி அடைத்திருந்தார்கள். மின்விசிறி கூடாது. காற்று அசைந்தால் தூசி பறக்கும், தூசியோடு வேண்டாத விருந்தாளி வந்து தட்டில் உட்காரும். ஸ்பிரிட் விளக்கு மட்டும் எரியும். கதவைச் சாத்தினால் உள்ளே இருப்பவர் மூச்சு உள்ளே இருப்பவருக்கே திரும்பி வரும். வியர்வையில் அவளுடைய தடிமனான மூக்குக்கண்ணாடி ஆவி படிந்து வழுக்கும். கழற்றிப் பையில் போட்டுவிடுவாள். கண்ணாடி இல்லாவிட்டால் அவளுக்குக் கணவனுக்கும் கதவுக்கும் வித்தியாசம் தெரியாது. பழகிய கையால் குத்துமதிப்பாக வழித்து, குத்துமதிப்பாக இழுத்து, மூடிவிட்டு வெளியே ஓடி வருவாள்.

கணவர் வெளியூர் பஸ் ஓட்டுநர். ஊர் ஊராகப் போவது அவருக்குப் பிழைப்பு. வீட்டுச் சுவரில் பெரிய சாலை வரைபடம் ஒன்று இரண்டாக மடித்துத் தொங்கும். போய்விட்டு நாலு நாளில் திரும்பக்கூடிய ஊர்களெல்லாம் மடிப்புக்கு இந்தப் பக்கம். அந்தப் பாதி விரல் பட்டுப் பட்டு அழுக்கேறி, மை அழிந்து கிடந்தது. மறுபாதியை விரிக்க வேண்டிய அவசியமே வந்ததில்லை.

தேனிலவுக்குப் போனபோது மகாராணியும் ஒரு சோதனைக்குழாயில் கூடவே போனாள், ஜாக்கெட்டுக்குள், உடம்புச் சூட்டில். "மூணு பேரா தேனிலவு போன ஒரே ஜோடி நாமதான்" என்று அவர் காலமெல்லாம் சொல்லிக் காட்டினார். மகள் பிறந்த அன்று நாலாம் நாள். வலியோடு கண்ணாடி அறைக்குப் போய் மாற்றிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். குழந்தை பொறுமையாகக் காத்திருந்து, அம்மா கை கழுவியதும் பிறந்தது. மகள் கல்யாணத்துக்கும் தேதி குறித்தது மகாராணிதான்.

"எல்லா வீட்லயும் புருஷனுக்குத்தான் சின்ன வீடு இருக்கும். எங்க வீட்ல பொண்டாட்டிக்கு இருக்கு. நாலு நாளைக்கு ஒரு தடவை தவறாம போயிடுவா" என்பார் கணவர், வந்த விருந்தாளி முன்னாலேயே.

"என்னங்க, வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்க."

"சும்மாதான இருக்கேன் டாக்டரம்மா? அதுதான் பிரச்சனை."

ஓய்வு வயது வந்தது. விடவில்லை. பணி நீட்டிப்பு கொடுத்தார்கள், மாலையும் போட்டார்கள். இரண்டாம் தடவையும் நீட்டினார்கள். கணவரும் ஓய்வு பெற்று வரைபடத்தின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"என் முட்டி இன்னும் ஒரு வருஷம் தாங்கும்னு டாக்டர் சொல்றாரு. மிஞ்சினா ரெண்டு. அதுக்குள்ள அந்த மடிப்பைத் தாண்டி ஒரு ஊரைப் பார்த்துடணும், உன்கூட. தனியா பார்த்தது போதும்."

அவளுக்கும் ஆசைதான். ராத்திரி கண்ணை மூடினால் அவளுக்கு வருவது கடலோ மலையோ இல்லை, ஐந்தாம் நாள். ஒரு வெளியூரில் ஐந்தாம் நாள் காலையில் எப்படி வெளிச்சம் விழும் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது.

அந்தச் சிறையில் இன்னொருத்தியும் இருந்தாள். மகாராணியைக் கற்றுக்கொள்வதற்காகத் தற்காலிகமாக எடுத்த இளம் ஆராய்ச்சியாளர். கையுறையைக் கழற்றாதவள் என்பதால் அவளுக்குப் பெயரே கையுறை. சுத்தத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. மேசையை ஸ்பிரிட்டால் துடைத்து, துடைத்த துணியையும் துடைப்பாள். தட்டில் முத்து முத்தாகத் தனித்து நிற்கும் பாக்டீரியாத் திட்டுகளில் மிக அழகான ஒன்றை மட்டும், புத்தகத்தில் சொன்னபடி கம்பிமுனையால் ஒற்றி எடுப்பாள். அவள் கையில்தான் மகாராணி மிக வேகமாகச் செத்தது.

"அந்தப் பொண்ணுக்குக் கைராசி இல்ல பாவம்" என்று கேன்டீனில் பேசிக்கொண்டார்கள். வேலை நிரந்தரமாகவில்லை. இந்த வருஷமும் கைராசி வராவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகப் பேச்சு.

இந்த நிலையில் நாலுநாள் மேடத்துக்குக் கண்ணில் புரை முற்றி அறுவை சிகிச்சை நடந்தது. கண்ணுக்குள் புது லென்ஸ் வைத்தார்கள். கட்டுப் பிரித்ததும் கணவரைப் பார்த்து, "இவ்வளவு சுருக்கமா உங்க மூஞ்சியில?" என்றாள்.

"இருக்கட்டும், ஒவ்வொண்ணும் ஒரு ஊர். நீ வராத ஊர்."

மறுநாள் கண்ணாடி அறைக்குள் போனாள். வாழ்க்கையில் முதல்முறையாக, மூக்குக்கண்ணாடி இல்லாமலே, தட்டு பளிச்சென்று தெரிந்தது. ஒவ்வொரு திட்டும் விளிம்போடு, மினுமினுப்போடு. ஆசை ஆசையாக, இருப்பதிலேயே அழகான ஒன்றைப் பொறுக்கி ஒற்றியெடுத்தாள். நாலு நாள் கழித்துப் பார்த்தால் சோகை பிடித்த மாதிரி வெளிறிக் கிடந்தது. அதிலிருந்தும் அழகாக ஒன்றை எடுத்து மாற்றினாள். அடுத்த நாலாம் நாள் தட்டு வெறிச்.

அவள் கையிலேயே மகாராணி செத்துவிட்டது.

கதவைச் சாத்திக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். வியர்த்துக் கொட்டியது. குளிர்பெட்டியின் மூலையில், அறுவை சிகிச்சைக்கு முன் அவள் கைபட்ட தட்டு ஒன்று, குளிரில் பசி மந்தப்பட்டு, இன்னும் முழுசாகச் சாகாமல் அரை உயிராகக் கிடந்தது. எடுத்து வைத்தாள். என்ன தோன்றியதோ, கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். பழைய இருட்டு. பழைய கை தானாக வேலை செய்தது. அழகு பார்க்காமல், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, சுண்ணாம்பு சுரண்டுகிற மாதிரி வழித்து எடுத்தது.

பிழைத்துக்கொண்டது.

தட்டிலிருந்து துளி எடுத்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். குச்சி குச்சியாக மகாராணி. பக்கத்தில் தூசி மாதிரிப் புள்ளிகள். இளவயதிலேயே பார்த்த புள்ளிகள்தான். அன்றைக்கு அவற்றைச் சாயத்தூள் என்று ஒதுக்கிவிட்டாள். சாயத்தூள் குட்டி போடுமா? இன்று சாயம் போடாத இன்னொரு துளியிலும் அதே புள்ளிகள், பார்க்கும்போதே ஒன்று இரண்டாகப் பிரிந்தது.

கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக, மகாராணியின் பாவாடைக்குள் ஒளிந்து, இன்னொரு ஜீவன் இத்தனை வருஷமும் கூடவே வாழ்ந்திருக்கிறது. மகாராணிக்குத் தானாகச் செய்துகொள்ளத் தெரியாத ஏதோ ஒரு சத்தை அதுதான் ஊட்டியிருக்கிறது. சுத்தமாக எடுத்தவர்களெல்லாம் ராணியை மட்டும் தூக்கிப்போய்ப் பட்டினி போட்டார்கள். கண் தெரியாதவள் வழித்தெடுத்தபோது தாதியும் சேர்ந்து வந்தாள். கைராசியாவது மண்ணாங்கட்டியாவது. கிட்டப்பார்வை!

சாவி கையில் கிடைத்துவிட்டது. ஆனால் கதவைத் திறந்தால் முதலில் விழுவது தாழ்வாரத்துப் பித்தளைப் பலகைதான். 'தூய வித்தைத் தந்தவர்.' அவள் தந்தது தூய்மையே இல்லை. முதல் நாளிலிருந்தே கலப்படம். அதைச் சொன்னால் அவள் பெயர் என்ன ஆகும்? சொல்லாவிட்டால் மூன்றாம் நீட்டிப்பு, கண்ணாடி அறை, ஸ்பிரிட் விளக்கு.

சொல்லவில்லை. கையுறை வெளியே போகும் நேரம் பார்த்து, கதவுக்கு முதுகைக் காட்டி, திருடி மாதிரி வழித்தாள். அடுத்த நாலாம் நாளும். அதற்கடுத்ததும்.

ஒருநாள் சாப்பிடும்போது கணவர் கேட்டார், "வேற யாருக்குமே அது வராதா? அந்தக் கையுறைப் பொண்ணு நல்ல பொண்ணாச்சே."

"வராதுங்க. கைராசின்னு ஒண்ணு இருக்குல்ல."

சொன்ன பிறகுதான் அவள் காதிலேயே அது விழுந்தது. ஊரெல்லாம் சொன்ன அந்த வார்த்தையை அவள் வாயால் சொன்னது அதுவே முதல் தடவை. அவர் தலையாட்டிவிட்டு, எழுந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டே போய்க் கை கழுவினார். நம்பிவிட்டார். அதுதான் அவளைத் தூங்கவிடவில்லை.

அந்த வாரமே கூட்டம். இயக்குநர், அவள், கையுறை மூன்று பேர்தான்.

"மேடத்துக்கு நீட்டிப்பு ரெடி. ஏம்மா, உங்களுக்குத்தான் வருத்தமான செய்தி. உங்க கைக்கு அது வரலையே, நாங்க என்ன பண்றது?"

கையுறை தன் கையுறையின் விரல்நுனியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"சார், என் கைக்கும் வரல" என்றாள் நாலுநாள் மேடம்.

"என்ன மேடம்?"

"கண் ஆபரேஷனுக்கு அப்புறம் சுத்தமா எடுத்தேன். செத்துடுச்சு."

கையுறை நிமிர்ந்தாள். முகம் விளக்கேற்றிய மாதிரி ஆனது. "உங்க கையிலயும் செத்துச்சா மேடம்?"

"செத்துச்சும்மா."

"நிஜமாவா மேடம்!" அவ்வளவு சந்தோஷமாக ஒரு சாவை யாரும் விசாரித்திருக்க மாட்டார்கள்.

எல்லாவற்றையும் சொன்னாள். சாயத்தூள், வழித்தெடுத்தது, திருட்டுத்தனமாக மாற்றியது, ஒன்று விடாமல். இயக்குநர் தண்ணீர் கேட்டார்.

"மேடம், இத்தனை வருஷமா தூய வித்துன்னு பாக்கெட்ல போட்டிருக்கோமே!"

"தூய்மையா இருந்தப்பெல்லாம் செத்துச்சு சார். கலப்படமா இருந்துதான் பிழைச்சுது. பாக்கெட்டை மாத்துங்க."

"உங்க பேரு? அந்தப் பலகை?"

"அதையும் மாத்துங்க."

"இது வெளிய போகாம, நம்ம மூணு பேருக்குள்ளயே..."

"மூணு பேருக்குள்ளன்னா நான் சாகற வரைக்கும் இங்கயே இருக்கணும் சார். எனக்கு வேண்டாம். பொண்ணை வேலையில வையுங்க. அவ சுத்தக்காரி. ரெண்டையும் தனித்தனியாப் பிரிச்சு நிரூபிக்க அவளாலதான் முடியும்."

பலகை இறங்கியது. கூடவே படமும். தாழ்வாரச் சுவரில் அந்த இடம் மட்டும் வெள்ளையாகச் சதுரமாக நின்றது. சிலர் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். கேன்டீனில் 'கலப்படம்' என்று புதுப் பெயர் ஒன்று உலவியது, அவளும் கேட்டாள். கையுறை ராணியையும் தாதியையும் பிரித்தாள், சேர்த்தாள், சேர்த்தே உறையவைத்தாள். ஒரு பருவம் முழுக்கக் காத்திருந்து எடுத்துப் பார்த்தால் இரண்டும் கண் விழித்துப் பசிக்கிறது என்றன. மாலை, மேடை எதுவும் இல்லாமல், ஒரு சாதாரண நாளில் நாலுநாள் மேடம் வேலையை விட்டாள்.

சுவரிலிருந்த வரைபடத்தைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்கள். நாலாம் நாள் காலையில், மடிப்புக்கு மிக அருகே ஒரு ஊர் விடுதியில் அவளுக்குச் சட்டென்று விழிப்பு வந்தது. எழுந்து உட்கார்ந்தாள். வலது கை காற்றில் ஒரு கம்பியைப் பிடித்திருந்தது.

"என்ன, சின்ன வீடு ஞாபகமா?" என்றார் கணவர், போர்வைக்குள்ளிருந்து.

போனை எடுத்தாள். நெடுநேரம் அடித்த பிறகு கையுறை எடுத்தாள். பின்னால் ஏதோ இரைச்சல்.

"ஏம்மா, இன்னிக்கு நாலாம் நாள். மாத்திட்டியா?"

"நான் ஊர்லயே இல்ல மேடம். லீவு. அக்கா வீட்டுக்கு வந்திருக்கேன்."

"ஐயோ! அப்ப யாரு பாத்துக்கிறா?"

"யாரும் பாத்துக்கல மேடம். உறையவெச்சுட்டு வந்துட்டேன். ரெண்டும் கட்டிப்பிடிச்சுத் தூங்குது. நீங்களும் தூங்குங்க."

போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாரம் இறங்கியதா, பறிபோனதா என்று அந்தக் கைக்கே சரியாகத் தெரியவில்லை.

"போகலாமா? இல்ல, திரும்பணுமா?" கணவர் எழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கேட்டுக் கேட்டுப் பழகிய கேள்வி. பதிலும் அவருக்குத் தெரிந்ததுதான் என்பது போல, செருப்பைத் தேடப் போனார்.

அவள் பையிலிருந்து வரைபடத்தை எடுத்துக் கட்டிலில் வைத்து, மறுபாதியைப் பிரித்தாள். இத்தனை காலம் திறக்காத தாள், புது அப்பளம் மாதிரி நொறுநொறுவென்று சத்தம் போட்டது. அந்தப் பக்கம் மை கொஞ்சமும் அழியாமல் இருந்தது.

"என்னங்க, என் கண்ணாடி..." என்று பையைத் துழாவினாள். பிறகு, அது இனித் தேவையில்லை என்பது நினைவுக்கு வந்து, குனிந்து ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தாள்.