வாயில் ஒன்றும் தரக்கூடாது

எங்கள் தெரு ஜுவைரியா கல்யாண வீட்டுக்கு வந்தால் பெண்கள் கேலியாக நகர்ந்து உட்காருவார்கள். "பக்கத்துல உக்காந்தா கையெழுத்து கேப்பா" என்று சிரிப்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே பிரியாணித் தட்டை இழுத்துக்கொள்வாள். காரைக்காலில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் அவள் ஆராய்ச்சி நர்ஸ். நினைவில்லாமல் கிடப்பவரின் வீட்டாரிடம் போய், அவரை ஆய்வில் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டு, சம்மதக் கையெழுத்து வாங்குவதுதான் வேலை. அழுதுகொண்டு நிற்பவர்களிடம் அதைக் கேட்க நல்ல நெஞ்சழுத்தம் வேண்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அவளுக்கு அது கிடையாது. ஒவ்வொரு முறையும் பயந்துகொண்டுதான் கேட்கிறாள்.

அவளுடைய வாப்பா இப்படி ஒரு பிரிவில்தான் மௌத்தானார். வேறு மாதிரி வைத்தியம் செய்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டதற்கு டாக்டர், "தெரியாதும்மா" என்றார். அந்த பதில் அவளை விடவில்லை. துபாயில் வேலை கிடைத்தும் போகாமல் இதிலேயே ஒட்டிக்கொண்டாள்.

போன மழைக்காலத்தில் பாத்திரக்கடை ஜெகபர் சாதிக் நிமோனியாவோடு வந்து சேர்ந்தார். தொண்டையில் சுவாசக் குழாய். இப்படிப்பட்டவர் தேறத் தொடங்கியதும் குழாயை உடனே எடுப்பது நல்லதா, இன்னும் பொறுத்து எடுப்பது நல்லதா என்பதுதான் ஆய்வு. யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கிச் சொல்லும். மனைவி சஃபியா சம்மதித்தார். ஜெகபர் சாதிக்கின் தம்பி ஜவஹர் அலி முறைத்தான்.

"எங்க நானாவ வச்சுத்தான் படிக்கணுமா ஒங்களுக்கு?"

சீட்டு 'உடனே' என்று விழுந்தது. ஜுவைரியா சஃபியாவைத் தனியாக அழைத்து, "குழாய எடுத்ததும் சரியா முழுங்க வராது லாத்தா. நாங்க சொல்ற வரைக்கும் வாயில ஒண்ணும் குடுத்துடாதீங்க" என்றாள்.

மறுநாள் அவர் தேறத் தொடங்கியதும் குழாயை எடுத்தார்கள். நன்றாகவே மூச்சு விட்டார். பார்வை நேரத்தில் சஃபியா உள்ளே போன கொஞ்ச நேரத்துக்கெல்லாம் இருமல் கிளம்பியது. முகம் கறுத்தது, ஆக்சிஜன் அளவு மளமளவென்று இறங்கியது. டாக்டர் சிவராமன் ஓடி வந்தார்.

"அவசரப்பட்டு எடுத்துட்டோம் போல. திரும்பக் குழாய் போட ரெடி பண்ணுங்க."

ஜுவைரியா கட்டிலருகே ஓடினாள். கையெழுத்து கேட்டது அவள் அல்லவா? அப்போதுதான் தலையணை ஓரம் நனைந்திருப்பது கண்ணில் பட்டது. சஃபியாவின் கை போர்த்தியிருந்த துப்பட்டிக்குள் எதையோ இறுக்கியிருந்தது, விரல்களுக்கிடையே ஒரு பச்சை மூடி. மக்கா போய் வந்தவர்கள் கொடுக்கும் அந்தச் சின்னப் புனித நீர் பாட்டில் எங்கள் தெருவில் எல்லார் வீட்டு அலமாரியிலும் இருக்கும். யாருக்கு முடியாமல் போனாலும் முதலில் அதுதான் நாக்கில் படும்.

"லாத்தா, ஜம்ஜமா?"

"ஒரு மொடக்குதாம்மா. ஜம்ஜம் யாருக்கும் கெடுதல் செய்யாதே."

ஜுவைரியாவுக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் இதைச் சொல்லி, அவரும் பிழைக்காமல் போனால், புருஷனைக் கொன்றவள் என்ற பேர் சஃபியாவுக்குக் காலத்துக்கும் நிற்கும். சொல்லாவிட்டால் மறுபடி குழாய். சீக்கிரம் எடுப்பது தப்பு என்று ஆய்வும் பொய் சொல்லும், முகம் தெரியாத எத்தனையோ பேர் குழாயோடு வீணாகக் கிடப்பார்கள். அவள் வாய் திறந்தாள்.

"சார், தண்ணி பொரையேறி உள்ள போயிருக்கு. அவருக்கு மூச்சு விடத் தெம்பு இல்லாம இல்ல."

டாக்டர் கையிலிருந்த குழாயை வைத்துவிட்டு, அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, தொண்டையிலிருந்ததை உறிஞ்சி எடுத்தார். பிறகு எல்லோரும் திரையைப் பார்த்தபடி நின்றார்கள். எண் அசையவே இல்லை. பிறகு மெல்ல மெல்ல ஏறியது.

வெளியே ஜவஹர் அலி கத்திக்கொண்டிருந்தான். "ஆராய்ச்சி ஆராய்ச்சின்னு எங்க நானாவக் கொல்லப் பாக்குறாளுங்க."

சஃபியா நேரே அவனிடம் போய் பாட்டிலை நீட்டினார். "நீ குடுத்ததத்தான் நான் குடுத்தேன் ஜவஹர்."

உம்ரா யாத்திரையிலிருந்து கொண்டுவந்ததைக் காலையில் அவன்தான் அவர் கையில் திணித்திருந்தான், டாக்டருக்குத் தெரியவேண்டாம் என்றும் சொல்லியிருந்தான். அப்படியே தரையில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொல்லும் நேரத்தில் ஜெகபர் சாதிக் கண் திறந்தார். உதடு வெடித்திருந்தது, குரலே எழும்பவில்லை.

"சஃபியா, தண்ணி."

சஃபியா ஜுவைரியாவைப் பார்த்தார். அவள் தலையசைத்து மறுத்தாள். சஃபியா இரண்டு கைகளையும் துப்பட்டிக்குள் இறுக்கிக்கொண்டார்.

"இல்ல மச்சான். தரமாட்டேன்."