அம்மா வலம் வந்த கற்படிகள்

வெய்யிலில் காய்ந்த கறுப்புக் கல்லில் வெறுங்காலை வைத்தால் சூடு உள்ளங்காலில் ஏறி முழங்கால்வரை போகும். பாரிஸில் பிறந்து, அங்கே மார்க்ஸ் டோர்மோய் பகுதியில் லிஃப்ட் இல்லாத கட்டடமொன்றில் வளர்ந்த என் கால்களுக்கு அந்தச் சூட்டை முதலில் காட்டியது ஸ்பெயினுக்குச் சொந்தமான தெனெரிஃப் தீவுதான். 2010ஆம் ஆண்டுக் கோடை அது. எங்கள் குடும்பம் ஒன்றாகப் போன ஒரே விடுமுறை.

விடுமுறை என்று எனக்குத்தான் சொன்னார்கள். முந்தைய வருடம் இலங்கையில் போர் முடிந்தபோது அம்மாவின் தம்பி, நேசன் மாமா, காணாமல் போயிருந்தார். நான் அவரைப் படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன். அம்மாவோ வெள்ளிதோறும் கோயிலுக்குப் போய், உயிரோடிருப்பவர்களுக்குச் செய்வதைப்போலவே, அவருடைய பெயரையும் நட்சத்திரத்தையும் ஐயரிடம் சொல்லி அர்ச்சனை செய்விப்பார். ரூ பிலிப்-து-ஜிரார் தெருவின் தமிழ்க் கடையில் மரக்கறி வாங்க நின்றால்கூட ஊர்ச் சனம் யாராவது பிடித்துக்கொள்வார்கள்: "எள்ளுத் தண்ணி இறைச்சு விடு பிள்ளை, அந்தச் சீவன் அந்தரிக்கக் கூடாது." அம்மா ஓம் என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார், வெண்டிக்காயை முறித்துப் பார்த்துக்கொண்டே நிற்பார். அவர் நாளுக்கு நாள் இளைப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், உணவகச் சமையலறையில் வேலை செய்த அப்பா, கடல் உள்ள இடமொன்றுக்குக் கூட்டிப்போய் அந்த எள்ளுத் தண்ணிக் காரியத்தை ஒருவழியாக முடித்துவிட நினைத்தார். விமானத்தில் பிஸ்கட் தேடி அவருடைய பையைத் துழாவியபோது எள்ளுப் பொட்டலம் என் கையில் பட்டது.

"அம்மாட்டைச் சொல்லாதை. கடற்கரைக்குப் போகேக்கை நான் கதைக்கிறன்" என்றார்.

கடலுக்கு முன்னதாக அந்தக் கற்படிகளைப் பார்க்கப் போனோம். எரிமலைக் கற்களைச் சாந்து பூசாமல் அடுக்கி, படிமேல் படியாக உயர்த்தி, உச்சியைத் தட்டையாக விட்டிருந்தார்கள். கட்டியது யார் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை. சூரியனைக் கும்பிட்ட பழங்குடிகள் என்றார்கள் சிலர். தோட்டம் திருத்திய விவசாயிகள் பொறுக்கிக் குவித்த கல் என்றார்கள் வேறு சிலர். அம்மா ஒரு கதைக்கும் காது கொடுக்கவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"இஞ்சேரும், இது கோயில் இல்லை" என்றார் அப்பா.

"படி இருக்கெல்லே" என்றார் அம்மா.

அரைக்காற்சட்டை போட்ட சுற்றுலாக்காரர்கள் விலகி வழிவிட, அம்மா அந்தக் கற்குவியலை வலம் வந்தார். நான் தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டேன். முன்னால் வந்து நின்று கைகூப்பி, ஐயரிடம் சொல்வதுபோலவே நிதானமாகச் சொன்னார்: "நேசன், அனுச நட்சத்திரம்." அதன்பிறகுதான் அப்பாவின் பெயரும் என் பெயரும் வந்தன. அப்பா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து தன் சப்பாத்தைக் கழற்றினார். என்னையும் கழற்றச் சொன்னார்.

மறுநாள் கடற்கரையில் அப்பா அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. எள்ளு எங்களோடு பாரிஸ் திரும்பியது. "கடையிலை மலிவாக் கிடந்தது" என்று அவர் அதை நீட்ட, அம்மா சர்க்கரை சேர்த்து இடித்து எள்ளுப்பாகு செய்தார். அதிகம் தின்றது நான்தான்.

இப்போது நானும் அம்மாவும் பாரிஸுக்கு வெளியே, பொண்டி என்ற புறநகரில் இருக்கிறோம். அந்த மரக்கறிக் கடை இல்லை. அம்மாவை நச்சரித்தவர்களில் சிலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சப் பேருக்கு நேசன் என்றொருவர் இருந்ததே மறந்துவிட்டது. அந்த நச்சரிப்புக்குக்கூட நான் ஏங்குவேன் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். மூன்று வருடங்களுக்கு முன் அப்பாவும் காலமானார். கடலில் எல்லாம் முறைப்படி செய்தோம். அன்றோடு அர்ச்சனையில் அவருடைய பெயர் நின்றுவிட்டது. நேசன் மாமாவின் பெயர் நிற்கவில்லை.

போன வெள்ளி கோயிலிலிருந்து திரும்பும்போது ரயிலில் அம்மா கேட்டார்: "எனக்குப் பிறகு அவன்ரை பேரை ஆர் சொல்லுறது?"

"நான் சொல்லுறன் அம்மா."

அம்மா என்னை நம்பாததுபோல் பார்த்தார். "நட்சத்திரம்?"

"அனுசம்" என்றேன்.