ஓட்டையில் வாசித்த பெயர்

எங்கள் அலுவலகத்தில் அவருக்குத் 'தாத்தா பிடிக்கிறவர்' என்று பெயர். யார் வைத்ததென்று தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்தபோதே அது அவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பதிவு அலுவலகத்தில் நகல் எழுதுவது அவர் சம்பளத்துக்குப் பார்த்த வேலை. பிறப்பு, இறப்பு, கல்யாணம், கப்பல் ஏறியவர்கள் என்று பழைய ஏடுகளில் இருப்பதைக் கேட்டு வருகிறவர்களுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் அவர் பார்த்தது வேறு வேலை. யாராவது வந்து, "எங்க கொள்ளுத்தாத்தா பெரிய ஆளாம், குதிரையிலதான் போவாராம்" என்று ஆரம்பித்தால் போதும், டிபன் டப்பாவை மூடிவிட்டு எழுந்துவிடுவார். பத்து நாள் கழித்து அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "குதிரையில போகலீங்க, குதிரைக்குப் புல்லு வெட்டியிருக்கார். ஆனா ஒரு நாள்கூட லீவு போட்டதில்ல" என்பார். வந்தவர்களில் பாதிப் பேர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

அவர் வரைந்து கொடுக்கும் வம்சப் படங்களில் ஏட்டில் கண்டதெல்லாம் மையில் இருக்கும், வீட்டில் சொன்னதெல்லாம் பென்சிலில் இருக்கும். எவ்வளவு கெஞ்சினாலும் பென்சிலை மையாக்க மாட்டார். இந்த விஷயத்தில் ஒரு எம்.எல்.ஏ.வின் மாமனாரையே திருப்பி அனுப்பியவர்.

அவருக்கு எதிர் நாற்காலி என்னுடையது. என் வேலை ஒப்பிடுவது. அவர் நகல் எழுதி முடித்ததும் நான் மூல ஏட்டை எடுத்துச் சத்தமாக வாசிப்பேன், அவர் நகலில் விரலை ஓட்டிக்கொண்டே வருவார். பூச்சி அரித்த இடம் வந்தால் "அரித்திருக்கிறது" என்று வாசிக்க வேண்டும், நகலிலும் அப்படியே இருக்க வேண்டும். கடைசியில் 'ஒப்பிட்டேன், சரி' என்று நான் கையெழுத்துப் போட்டால்தான் அதற்கு முத்திரை விழும். இருபத்திரண்டு வருஷம் அப்படி எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். நான் அவரை அண்ணே என்பேன், அவர் மனைவி எனக்கு அண்ணி. இதையெல்லாம் இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம், நாங்கள் செய்தது கவனக்குறைவு இல்லை என்று தெரியவேண்டும் என்பதுதான்.

அண்ணிக்கு ஒரு தம்பி. இருபத்திரண்டு வயதில் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு கப்பலில் வேலைக்குப் போனவன், ஒரு வரி எழுதவில்லை. அப்பா அந்த ஏக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். அம்மா மட்டும் மூன்றாவது மாடி வாடகை வீட்டில் தனியாக இருந்தார். மாடிப்படியில் இரண்டு தடவை விழுந்தாயிற்று. அண்ணி எவ்வளவோ கூப்பிட்டும் தங்கள் வீட்டுக்கு வர மறுத்துவிட்டார். "நான் போயிட்டா அவன் வந்து எந்தக் கதவைத் தட்டுவான்?" என்பதுதான் பதில். அண்ணன் ஊர் ஊராகக் கடிதம் போட்டு மச்சானைத் தேடிக்கொண்டே இருந்தார். ஊரார் தாத்தாவையெல்லாம் பிடித்தவருக்குச் சொந்த மச்சான் சிக்கவில்லை என்று ஆபீஸே கேலி செய்தது. நானும் செய்திருக்கிறேன்.

ஒரு நாள் துறைமுக ஆஸ்பத்திரி ஒன்றின் இறப்பு ஏடு எங்களுக்கு வந்தது. அதில் அதே பெயர், அதே வயது, கப்பல் வேலை, காய்ச்சலில் சாவு. தெருவுக்கு நாலு பேர் வைத்திருக்கிற பெயர்தான் அது. தகப்பன் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. அண்ணன் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதிடுங்கண்ணே" என்றேன் நான். "அந்தம்மா இன்னொரு தடவை விழுந்தா எந்திரிக்க மாட்டாங்க."

"ஏட்டுல இல்லையேம்மா."

"நான் வாசிக்கிறேன், நீங்க எழுதுங்க."

ஓட்டையைப் பார்த்து அவருடைய மாமனார் பெயரை வாசித்தேன். குரல்கூட மாறவில்லை. அவர் எழுதினார். நான் 'ஒப்பிட்டேன், சரி' என்று போட்டேன்.

மாமியார் காகிதத்தை வாங்கி, முத்திரை இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாராம். "மாப்பிள்ளை இல்லாததை எழுத மாட்டார்" என்று சொல்லிவிட்டு ஒரு வாரம் அழுதார். அதன் பிறகு வீட்டைக் காலி செய்து மகளோடு வந்துவிட்டார். நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார். ஆறு வருஷம் கழித்துத் தூக்கத்திலேயே போனார். நல்ல காரியம் செய்தோம் என்று அண்ணனும் நானும் எங்களை நாங்களே தட்டிக்கொடுத்துக்கொண்டோம். அந்த நினைப்பு இப்போது வந்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அண்ணன் ஓய்வு பெற மூன்று மாதம் இருக்கும்போது, தூரத்து ஊரில் மூடப்பட்ட மாலுமிகள் காப்பகத்தின் ஏடுகள் மூட்டையாக வந்து இறங்கின. அட்டவணை போடுவதற்காக நான் வாசித்துக்கொண்டு போனேன். அந்தப் பெயர் வந்தது. தகப்பன் பெயரும் வந்தது, இந்தத் தடவை ஓட்டை இல்லை. தாயின் பெயர், மூன்றாவது மாடி முகவரி, எல்லாம் தெளிவாக இருந்தன. கப்பலில் விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போனவன் என்று குறிப்பு. நாங்கள் சாகடித்த பிறகு பதினோரு வருஷம் அவன் உயிரோடு இருந்திருக்கிறான். கடிதங்களுக்கான கட்டத்தில் மூன்று வரிகள். மூன்றிலும் தேதி போட்டு, 'திரும்பி வந்தது, முகவரியில் ஆள் இல்லை' என்று எழுதியிருந்தது.

முதல் கடிதம், வீட்டைக் காலி செய்த எட்டாவது மாதம் போட்டது.

"மூடி வச்சிடலாம்ணே. யாரு இதைத் தேடி வரப்போறாங்க?" என்றேன். கேவலம்தான், ஆனால் சொன்னேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஒரு தடவை உன் பேச்சைக் கேட்டது போதும்மா" என்றார். அவர் என்னிடம் கடுமையாகப் பேசியது அந்த ஒரு தடவைதான். அப்படிச் சொன்னவரும் அந்தப் பக்கத்தை நகல் எழுதி, இரண்டு வாரம் அதைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கும் ஆபீசுக்குமாக நடந்தார். அண்ணி தன்னை விட்டுப் போய்விடுவாளோ என்று பயமில்லை, இனிமேல் தான் சொல்வதை நம்புவாளா என்பதுதான் பயம் என்றார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னையும் கூட வரச் சொன்னார். தப்பில் பாதி என்னுடையது, மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை.

அண்ணி டீ கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். அண்ணன் ஓட்டையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். என் பங்கை மட்டும் சொல்லாமல் விட்டார். அதை நான் சொன்னேன். அண்ணி அழவில்லை, கத்தவுமில்லை. டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"வீட்டைக் காலி பண்ணப்போ, புது அட்ரஸ் போஸ்ட் ஆபீஸ்ல குடுத்துட்டு வரலாம்னு சொன்னேன். ஞாபகம் இருக்கா?" என்று அண்ணனைக் கேட்டார். "இனிமே யாரு லெட்டர் போடப்போறான்னு கேட்டீங்க."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"எத்தனை லெட்டர் போட்டிருக்கான்?"

"ஒண்ணு" என்றார் அண்ணன்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நகல் இன்னும் அவர் பையில்தான் இருந்தது. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. விட்டுவிடு என்று கெஞ்சுவதுபோல் இருந்தது அவர் உட்கார்ந்திருந்த விதம். விட்டுவிடத்தான் எனக்கும் ஆசை. ஒன்று என்றால் அண்ணி தாங்கிக்கொள்வார், மூன்று என்றால் தாங்க மாட்டார் என்று மனசு கணக்குப் போட்டது. அண்ணியின் அம்மா விஷயத்திலும் இப்படித்தான் கணக்குப் போட்டோம்.

"மூணு அண்ணி" என்றேன்.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். அண்ணி என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். அதன் பிறகு அண்ணனைக் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டார்.

"கடைசி லெட்டர் எப்ப?"

வருஷத்தையும் மாதத்தையும் சொன்னேன்.

அண்ணி விரல் விட்டு எண்ணினார். தப்பாக எண்ணிவிட்டோமோ என்று மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

"அப்ப அம்மா இருந்தாங்க" என்றார்.