முதல் நாளுக்கு ஒரு துப்பாக்கி

பென்சில்வேனியாவின் அந்த மலைப்பக்கத்தில் டோரீன் யுராசெக்கைத் தெரியாத வேட்டைக்காரன் கிடையாது. சுட்ட மானை அவள் கொட்டகையில் கொண்டுவந்து போட்டால், தோலுரித்து, துண்டுபோட்டு, பொட்டலம் கட்டித் தருவாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாருக்கும் பயந்ததும் இல்லை, தம்பி கர்ட்டின் கண்ணீரைத் தவிர.

அந்தத் தம்பி வசந்தகாலத்தில் தன் மனைவி ட்ரேசியின் தாடையை உடைத்தான். அவள் பக்கமே போகக்கூடாது, துப்பாக்கிகளையும் ஒப்படைத்துவிட வேண்டும் என்றார் நீதிபதி. யாரிடம்? மாநிலச் சட்டம் அப்போது ரொம்ப நல்ல மனசுள்ள சட்டம். சொந்தக்காரர் ஒருவர் கையெழுத்துப் போட்டால் அவரிடமே வைக்கலாம். பூனையிடமிருந்து பாலைப் பிடுங்கிப் பூனையின் அக்காவிடம் காவலுக்குக் கொடுத்த கதை. திருப்பித் தரமாட்டேன் என்று ஷெரீஃப் அலுவலகத்தில் டோரீன் கையெழுத்துப் போட்டாள். துப்பாக்கிகள் அவளுடைய இரும்பு அலமாரிக்குப் போயின.

நவம்பர் கடைசியில், மான் வேட்டை தொடங்குவதற்கு முந்தின மாலை, கர்ட் வந்து நின்றான். அந்த முதல் நாளுக்குப் பள்ளிக்கூடத்தையே மூடிவிடுவார்கள். அவர்கள் குடும்பத்தில் அன்றைக்கு வீட்டில் கிடந்த ஆண் என்றால் அது பிணம்தான்.

“அப்பாவோட ரைஃபிள் மட்டும் குடுக்கா. நாளைக்கு ஒருநாள். சாயங்காலம் கொண்டாந்துடறேன்.”

“கையெழுத்துப் போட்டிருக்கேன்டா. என்னைத் தூக்கி உள்ள போட்டுடுவாங்க.”

“யாரு சொல்லப் போறா? ஊரே காட்டுல இருக்கும். நான் மட்டும் பொம்பள மாதிரி ஜன்னலப் பாத்துக்கிட்டு உக்காரணுமா?”

“இந்தப் பொம்பள உன்னவிட நல்லா சுடுவா.”

அவன் சிரித்தான். அப்புறம் அழுதான். அவள் அலமாரியைத் திறந்தாள்.

மறுநாள் விடிந்ததிலிருந்து மலையெங்கும் வெடிச்சத்தம். டோரீன் ஒரு மானைத் தொங்கவிட்டு வயிற்றைக் கிழித்துக்கொண்டிருந்தபோது, வருடாவருடம் கர்ட்டோடு காட்டுக்குப் போகும் ஸ்டான் தன் மானை இழுத்துக்கொண்டு வந்தான்.

“உன் தம்பிக்கு எங்க மேல என்ன கோவம்? காத்துக் காத்துப் பாத்தோம், வரல. அவன் வண்டி ட்ரேசி வீட்டுப் பாதையில நிக்குது.”

இன்றைக்கு எந்த வீட்டில் துப்பாக்கி வெடித்தாலும் ஊர் மான் என்றுதான் நினைக்கும். ஷெரீஃபைக் கூப்பிடச் சொல்லிவிட்டு, கையிலிருந்த கத்தியோடு வண்டியில் ஏறினாள்.

கதவு உடைந்து கிடந்தது. தோள் பிய்ந்த ட்ரேசி அடுப்படியில், தன் ரத்தத்திலேயே வழுக்கி வழுக்கி நகர்ந்துகொண்டிருந்தாள். கர்ட் அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொண்டிருந்தான்.

“வேண்டாம்டா கர்ட்.”

“நீ போக்கா. இது புருஷன் பொண்டாட்டி விஷயம்.”

பாய்ந்தாள். ரைஃபிளின் கட்டையால் அவள் வாயில் இடித்தான், பல் தெறித்தது. விழுந்த இடத்திலிருந்தே அவன் தொடையின் உட்பக்கம் கத்தியை இறக்கி இழுத்தாள். எங்கே வெட்டினால் ரத்தம் நிற்காது என்று அவளுக்குத் தெரியும். அவன் சரிந்து விழுந்தான். ரைஃபிளை எட்டி உதைத்துவிட்டு, ட்ரேசியின் தோளில் துணியை வைத்து அழுத்திக்கொண்டு, அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். “அக்கா, அக்கா” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். ஒரு கை இங்கே, ஒரு கை அங்கே வைக்க முடியாது. அவன் குரல் அடங்கும்வரை அவள் வாய்விட்டு அழுதாள்.

ட்ரேசி நல்ல கையால் அவளைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க வரலைன்னா செத்திருப்பேன் அண்ணி.” மூச்சு வாங்கியது. “எல்லாத்தையும்தான் எடுத்துட்டாங்களே. அவனுக்கு இது எங்கேருந்து கெடச்சுது?”

“நான்தான் குடுத்தேன்.”

ட்ரேசி அந்தக் கையாலேயே அவளுடைய உடைந்த வாயில் அறைந்தாள். மறுபடியும் அறைந்தாள். டோரீன் முகத்தைத் திருப்பவில்லை. தோளை அழுத்திய கையையும் எடுக்கவில்லை.