டிஸ்பிளேயில் வராத பெயர்

"தம்பி, பேரு எங்க?"

பரங்கிப்பேட்டையில் ஒரு பாய் வீட்டு மாடியறை. ஸ்பீக்கர்களை இயக்கும் புது ரிசீவர் முன்னால் குனிந்து அவர் இப்படிக் கேட்டதும் நான் பின்னால் இருந்த வயர்களைத் தொட்டுப் பார்த்தேன். அப்போது நான் கடலூர்க் கடையில் ஹோம் தியேட்டர் மாட்டும் வேலையில் இருந்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன். யார் எதைக் கேட்டாலும் நான்தான் கெடுத்துவிட்டேன் என்று முதலில் தோன்றும்.

பாய் துபாயில் இருந்து திரும்பியவர். அவர் மச்சான் இன்னும் அங்கேதான். மச்சான் வீட்டில் பட டிஸ்க் போட்டால், உயர்தரமான எச்டி ஆடியோவின் பெயர் ரிசீவரில் நீல எழுத்தில் வருமாம். இங்கே வந்தது சாதா சரவுண்டின் பெயர்.

"டூப்ளிகேட்ட தலயில கட்டிட்டீங்களா?"

"ஐயோ, இல்ல பாய். செட்டிங்குதான். ரெண்டு நிமிஷம்."

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். டிஸ்கில் சத்தம் கட்டிய மூட்டையாக இருக்கிறது. டிஸ்க்கை ஓட்டும் பிளேயரே அதைப் பிரித்து அனுப்பினால், மெனுவில் அதற்குப் பிசிஎம் என்று பெயர். பிரிக்காமல் ரிசீவரிடம் கொடுத்தால் பிட்ஸ்ட்ரீம். எங்கே பிரித்தாலும் உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றுதான். ஆனால் மூட்டை ரிசீவருக்குப் போனால்தான் அந்தப் பெயர் எரியும். நாங்களும் கடையில் விளக்கை அணைத்து, அந்த எழுத்தைக் காட்டித்தான் செட்டை விற்போம்.

நான் வைத்திருந்தது பிட்ஸ்ட்ரீம்தான். அப்படியும் பெயர் வரவில்லை. பிசிஎம்முக்கு மாற்றிப் பார்த்தேன். பின் ஸ்பீக்கர்களில் படத்து மழை சடசடவென்று இறங்கியது. டிஸ்பிளேயில் 'மல்டி சானல்' என்று மட்டும் நின்றது.

"சவுண்டு முழுசா வருது பாய். பிளேயரே பிரிச்சிக் குடுத்துடுது."

"அப்ப ரிசீவர் எதுக்குய்யா? கைய கட்டிக்கினு நிக்கிறதுக்கா?"

ஆம்ப்ளிபயர் வேலை, ஸ்பீக்கர் தூரக் கணக்கு என்று பதில் இருந்தது. அவர் சொல்ல விடவில்லை. பாய் என் முதலாளிக்குப் போன் போட்டுத் திட்டிவிட்டு, போனை என்னிடம் நீட்டினார்.

"டேய், அந்த செட்டு திரும்பி வந்துச்சுன்னா சிதம்பரத்த மறந்துடு" என்றார் முதலாளி.

சிதம்பரத்தில் திறக்கப்போகும் கிளையை என் பொறுப்பில் விடுவதாகச் சொல்லியிருந்தார். அதை நம்பி மகளை அங்கே பள்ளியில் சேர்த்துவிட்டேன். வீடும் பார்த்தாயிற்று.

மறுபடி பிட்ஸ்ட்ரீமில் போட்டேன். கேபிளை மாற்றினேன். ரிசீவரை அணைத்துப் போட்டேன். அதே சாதா பெயர். பாய் காலி அட்டைப்பெட்டியைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

"பேக் பண்ணு."

சோபாவில் இருந்த அவர் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. "படத்த போடுவீங்களா, இல்ல இந்தப் பொட்டியவே பாத்துக்கினு ஒக்காந்திருப்பீங்களா?" என்று ரிமோட்டை எடுத்து, டிஸ்க் மெனுவில் அம்பை அழுத்திக்கொண்டே போனார். ஒவ்வோர் அழுத்தலுக்கும் ஸ்பீக்கரில் 'டிக்' என்றது.

என் கை பெட்டியிலேயே நின்றுவிட்டது.

டிக் என்பது படத்தின் சத்தத்தோடு சேர்ந்ததில்லை. தனிச் சத்தம். அது ஸ்பீக்கருக்கு வருகிறது என்றால் பிளேயர்தான் அதைக் கலக்கிறது. மூட்டையை அவிழ்க்காமல் எப்படிக் கலக்க முடியும்? அவிழ்த்து, டிக்கைப் போட்டு, சாதா மூட்டையாக மறுபடி கட்டி அனுப்புகிறது. பிளேயர் மெனுவில் தேடினேன். இப்படித் தனிச் சத்தங்களைக் கலக்கும் 'செகண்டரி ஆடியோ' அங்கே 'ஆன்' என்று இருந்தது.

வால்யூமைக் குறைத்துவிட்டு அதை அணைத்தேன். படத்தை ஓட விட்டேன். டிஸ்பிளே வெறுமையானது. ரிசீவருக்குள் 'டக்' என்று ரிலே சுவிட்ச் விழுந்தது. நீல எழுத்தில் பெயர் வந்தது.

"அட!" என்று பாய் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் மனைவி மெனுவுக்குப் போய் அம்பை அழுத்தினார். "சத்தமே காணமே, ரிமோட்டு கெட்டுப்போச்சா?"

"அது நின்னாதான் பேரு வரும்மா" என்றேன்.

"ஒங்க மச்சானுக்காக எங்க டிக்க புடுங்கிட்டீங்களா?" என்று அவர் கணவரைப் பார்த்துச் சிரித்தார்.

பாய் காதில் வாங்கவில்லை. படத்தை ஓடவிட்டு, டிஸ்பிளேயைப் போட்டோ எடுத்து துபாய்க்கு அனுப்பிக்கொண்டிருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை.

"பாய், பிசிஎம்ல வந்ததும் இதே சவுண்டுதான்."

"தெரியிது தம்பி. போட்டோல சவுண்டு தெரியாதுல்ல?" என்றவர் முதலாளியை அழைத்தார். "செட்டு இங்கியே இருக்கட்டும். ஒங்க ஆளு பயந்து சாவுறாரு, அவருக்கு மொதல்ல ஒரு வார்த்த சொல்லுங்க."

இதை எழுதுவது சிதம்பரம் கடையில் உட்கார்ந்துதான். இங்கே சேரும் பையன்களுக்கு நான் சொல்வது இது: மூட்டையை யார் பிரிக்கிறார்கள் என்பதை, செட்டை விற்கும்போதே வாங்குகிறவருக்குச் சொல்லிவிடுங்கள். பெயர் வராவிட்டால் செட்டைச் சந்தேகப்படாதீர்கள். பிளேயர் எதையாவது கலக்கிறதா என்று பாருங்கள். பயம் வரத்தான் செய்யும். பயந்துகொண்டே காதைத் திறந்து வைத்திருங்கள்.