வீடு கட்டாத டீச்சர்

ஆவூரில் ஞானமணி டீச்சர் வீடு எது என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கை காட்டுவார்கள். ‘வீடு கட்டாத டீச்சர்’ என்று கேட்டுப் பாருங்கள், டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவர்கூடச் சரியாக வழி சொல்வார். இருபத்துநான்கு வருடம் மாலத்தீவில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், அப்பா விட்டுப்போன ஓட்டு வீட்டின் மேல் ஒரு செங்கல்லைக்கூட ஏற்றவில்லை. ஊரின் கண்ணுக்கு அது மன்னிக்க முடியாத குற்றம்.

ஆவூரில் வழக்கம் அப்படி. வெளிநாட்டுக்குப் போன ஆசிரியர் மூன்றாம் வருடம் அஸ்திவாரம் போடுவார். ஐந்தாம் வருடம் பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து வீடு மந்திரிப்பார், ஊருக்கே பிரியாணி நடக்கும். மிச்சமிருக்கிற வருடங்களின் சம்பளம் முழுக்க மாடிக்குப் போகும். கடைசியில் ஆசிரியர் திரும்பி வரும்போது அந்த மாடிப்படி ஏற முட்டி ஒத்துழைக்காது. அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

ஞானமணியும் ஒரு காலத்தில் வீட்டுக்கு வரைபடம் போட்டு வைத்திருந்தவர்தான். அவர் மனத்தைத் திருப்பியது முத்துராமன். பொன்னமராவதிக்காரர், அதே தீவில் இயற்பியல் ஆசிரியர். பள்ளி கொடுத்த மருத்துவக் காப்பீட்டு அட்டையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து எடுத்துக் காட்டுவார். “இது இருக்குறவரைக்கும் எமனே வந்தாலும் அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டுத்தான் உள்ள வரணும், டீச்சர்” என்பார். அறுபதில் ஒப்பந்தம் முடிந்தது. அட்டையும் அதே தேதியில் முடிந்தது. ஊருக்கு வந்த நான்காம் மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். சேர்த்ததெல்லாம் மாடிகளாக நின்றுகொண்டிருந்தன. ஆஸ்பத்திரிச் செலவுக்காக மூன்று மாடி வீடு கை மாறியது. அதே தெருவில் ஒரு வாடகை வீட்டுக்குக் குடி போனார்.

விடுமுறையில் வந்திருந்த ஞானமணி அவரைப் பார்க்கப் போனார். முத்துராமன் வெறும் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார்: “அந்தக் கார்டு எனக்குன்னு நெனச்சிட்டேன், டீச்சர். அது நான் பாத்த வேலைக்கு.”

அன்று பேருந்தில் திரும்பும்போது ஞானமணி தன் கணக்கைப் போட்டுப் பார்த்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்து. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உடம்பில் மூன்று வருடமாகச் சர்க்கரை. வேலைக்கு இன்னும் ஐந்து வருடம் இருந்தது. நாளைக்கு ஒன்று என்றால் தம்பி நிலத்தை விற்பான், பிறகு ஆயுள் முழுக்க அந்த நிலத்தின் முகத்தில் விழிக்க வேண்டும். கூடாது. சாகிறவரைக்கும் ஒருத்தர் கையையும் எதிர்பார்க்கக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் வரைபடத்தை நான்காகக் கிழித்து அடுப்பில் போட்டார். சேமிப்பை, அறுபதுக்குப் பிறகு மாதாமாதம் கைக்கு வருகிற ஒரு திட்டத்தில் போடுவதென்று முடிவு செய்தார். மருத்துவக் காப்பீட்டைத் தன் பெயரில், இங்கேயே, வேலையில் இருக்கும்போதே எடுப்பதென்றும் முடிவு செய்தார்.

தம்பி அருள்தாஸ் குதித்தார். “அங்க ஓசில வைத்தியம் பாக்குறாங்க. இங்கிட்டு எதுக்குக்கா வீண் செலவு? வீடும் கட்ட மாட்டேங்குற. ஊருக்குள்ள தலைகாட்ட முடியல.”

“தலைய ரெண்டு நாளைக்கு வீட்டுக்குள்ள வச்சுக்க” என்றார் ஞானமணி.

அருள்தாஸின் மகன் பிராங்க்ளின் காப்பீட்டு ஏஜென்ட். விண்ணப்பத்தைக் கொண்டுவந்தவன், சர்க்கரை உண்டா என்ற கேள்வி வந்ததும் குரலைத் தாழ்த்தினான்.

“இல்லன்னு போடுங்க அத்தே. ஊர்ல எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க.”

“ஊரே காப்பியடிச்சா விடை சரியாயிருமாடா?”

“ஆமான்னு போட்டா கம்பெனிக்காரன் எடுக்க மாட்டான் அத்தே.”

“எடுக்காட்டி அடுத்த கம்பெனி. பேனாவக் கொடு.”

மூன்று வருடமாகச் சர்க்கரை, தினம் இரண்டு மாத்திரை என்று கொட்டை எழுத்தில் எழுதினார். முதல் நிறுவனம் மறுத்தது. பிராங்க்ளின் ‘நான்தான் சொன்னேனே’ என்கிற முகத்தோடு வந்து நின்றான். இரண்டாவது நிறுவனம் ரத்தத்தைச் சோதித்தது, கூடுதலாகப் பணம் கேட்டது. சர்க்கரை சம்பந்தப்பட்ட எதற்கும் மூன்று வருடம் காத்திருக்க வேண்டும் என்றது.

“மூணு வருஷமாம் அத்தே!”

“எனக்கு அஞ்சு வருஷம் வேலை இருக்கு. காத்திருக்கத்தானடா இப்பவே வாங்குறேன்?”

இந்தக் கணக்கு அந்த ஊரில் ஒருவருக்கும் பிடிபடவில்லை. ‘வீடு கட்டாத டீச்சர்’ என்ற பட்டம் அந்த வருடம்தான் ஒட்டிக்கொண்டது. சிரித்தவர்கள் சிரித்தார்கள். டீச்சர் ஒரு வருடம்கூடத் தவறாமல் புதுப்பித்துக்கொண்டு, அறுபது முடிந்ததும் இரண்டு பெட்டிகளோடு வந்து ஓட்டு வீட்டில் இறங்கினார்.

ஏழாம் மாதம் வயிற்றில் சுருட்டிப் பிடித்த வலி. அருள்தாஸ் பதறிப்போய் காரில் போட்டுத் திருச்சிக்குக் கொண்டுபோனார். பித்தப்பையில் கல், சீழ் வைத்திருக்கிறது, அறுவை சிகிச்சை உடனே வேண்டும் என்றார்கள். வலிக்கு ஊசி போட்டதில் ஞானமணி அயர்ந்து கிடந்தார். அந்த நேரம் பார்த்து டியூட்டி டாக்டர் கேட்ட கேள்விக்குத் தம்பி பதில் சொன்னார். அக்காவுக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார்.

“சுகர் இப்பத்தான் டாக்டர். ஆறு மாசமா.”

சர்க்கரை பழசென்று தெரிந்தால் காப்பீடு கிடைக்காது என்பது ஆவூரின் ஞானம். விண்ணப்பத்தில் அக்கா உண்மையைத்தான் எழுதியிருக்கிறார் என்பது அந்த நேரத்தில் அவர் புத்திக்கு எட்டவில்லை. நிறுவனத்துக்கு எட்டியது. விண்ணப்பம் ஒன்று சொல்கிறது, ஆஸ்பத்திரி ஒன்று சொல்கிறது, எது நிஜம் என்று கேட்டு அனுமதியை நிறுத்தி வைத்தார்கள். ஞானமணி கண் விழித்தபோது பிராங்க்ளின் வியர்த்துப்போய் ஓடி வந்தான்.

“போச்சு அத்தே, நிப்பாட்டிட்டாங்க. சுகர் ஆறு மாசமாத்தான்னு அப்பா டாக்டர்ட்ட சொல்லிட்டாங்களாம்.”

“நீ படுத்துக்கக்கா” என்றார் அருள்தாஸ். கண் கலங்கியிருந்தது. “நெலத்த வித்தாவது நான் பாக்குறேன்.”

எந்த வார்த்தைக்குப் பயந்து வரைபடத்தைக் கிழித்தாரோ, அதே வார்த்தை. ஞானமணிக்கு வலியை மீறிக்கொண்டு கோபம் வந்தது. சலைன் மாட்டியிருந்த கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எழுந்தார். நர்ஸ் தடுத்ததைக் காதில் வாங்கவில்லை. தம்பியை முன்னால் நடக்கவிட்டு டாக்டரின் மேசை முன் போய் நின்றார்.

“டாக்டர், இவன் சொன்னது பொய். எனக்குச் சுகர் எட்டு வருஷமா இருக்கு. பழைய சீட்டெல்லாம் பைல இருக்கு.”

“கேஸ் ஷீட்ல எழுதினத நாங்க சும்மா மாத்த முடியாதும்மா. தப்பாச் சொன்னவரே எழுதிக் குடுக்கணும்” என்றார் டாக்டர்.

“எழுதுவான்.”

ஐம்பத்தாறு வயது அருள்தாஸ் நர்ஸின் மேசையில் குனிந்து எழுதினார். அக்கா வாங்கிப் படித்தார்.

“‘தெரியாமச் சொல்லிட்டேன்’னு போட்டிருக்க. தெரிஞ்சுதானடா சொன்ன? அடிச்சிட்டு எழுது.”

அருள்தாஸ் பேனாவை மறுபடி எடுத்தார். அடித்துவிட்டு எழுதினார். அந்தக் காகிதமும், பழைய மருந்துச் சீட்டுகளும், டாக்டரின் கடிதமும், ஐந்து வருடத்துக்கு முந்தைய விண்ணப்பத்தின் நகலும் ஒன்றாகப் போயின. மதியம் மூன்று மணிக்கு அனுமதி வந்துவிட்டது. சாயங்காலமே அறுவை சிகிச்சை நடந்தது. கையுறை, பஞ்சு என்று ஒரு சில்லறைத் தொகையைத் தவிர எல்லாவற்றையும் நிறுவனம் கட்டியது. அந்தச் சில்லறையையும் டீச்சர் தன் கார்டிலேயே தேய்த்தார்.

ஊர் திரும்பும்போது அருள்தாஸ் காரைத் தன் வீட்டுப் பக்கம் திருப்பினார்.

“மாடில ரூம் ஒதுக்கியிருக்குக்கா. நல்லா காத்து வரும்.”

“வண்டிய என் வீட்டுக்கு விடு.”

“தையல்கூடப் பிரிக்கல. தனியா விட்டுட்டேன்னு ஊரு என்னையத்தான் ஏசும்.”

“ஏசட்டும். அஞ்சு வருஷமா என்னைய ஏசுனவங்கதானே? எனக்கு ஒன்னும் கொறஞ்சிறல.”

ஓட்டு வீட்டு வாசலில் கார் நின்றது. பையை உள்ளே வைத்த அருள்தாஸ் உடனே கிளம்பவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மடிப்பைப் பிரித்தார். பிராங்க்ளினிடம் வாங்கிய விண்ணப்பம். பெயரும் ஊரும் எழுதப்பட்டிருந்தன. கேள்விகள் எல்லாம் காலியாக இருந்தன.

“எனக்கு பிரஷர் இருக்குக்கா.”

“எத்தன வருஷமா?”

அவர் வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். “பத்து. வீட்டுல யாருக்கும் தெரியாது.”

ஞானமணி மேசையிலிருந்த பேனாவை எடுத்தார். இவன் நிலத்தை விற்பான் என்றே இத்தனை நாள் பயந்தார். இவனுக்கு ஒன்று ஆகும் என்று ஒருநாளும் பயந்ததில்லை. பேனாவின் மூடியைக் கழற்றித் தம்பியின் கையில் வைத்தார்.

“பத்துன்னே எழுது.”

“எடுக்க மாட்டான்க்கா.”

“எடுக்காட்டி அடுத்த கம்பெனி. எழுதுடா.”